ஆறு தாலிக் கித்தார்

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு மின்சாரக் கித்தார் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என் அக்காவின் கல்யாணம் ஒருநாள் காலை அரைமணி நேரம் அந்தரத்தில் தொங்கியது. தொங்கவிட்டவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சொல்வதற்கு என் குடும்பத்தில் முப்பது பேர் தயாராக இருக்கிறார்கள்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேரன். போன வாரம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். திரையில் மூன்று கித்தார்கள்.

"தாத்தா, புதுசா கத்துக்கிறவங்களுக்கு எது நல்லதுன்னு பார்க்கிறேன். மூணுமே மலிவுதான் லா. நீங்க எதைச் சொல்றீங்க?"

என்னிடம் போய்க் கேள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள நான் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. "நல்லாக் கேளுடா. அந்த விஷயத்துல உங்க தாத்தாவை அடிச்சிக்க இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துலயே ஆள் கிடையாது" என்றாள். ஐம்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். எங்கே குத்தினால் எங்கே வலிக்கும் என்று தெரியும்.

நானும் ஒருகாலத்தில் மூன்று மலிவு விலைக் கித்தார்களை அக்குவேறு ஆணிவேறாக ஒப்பிட்டுப் பார்த்தவன்தான். மலாயாவில் எமர்ஜென்சி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது இருபது. சட்டைப்பையில் இரண்டு பேனா. (ஒன்றில் மை கிடையாது. தூரத்தில் வருகிறவர்களுக்கு அது தெரியாதல்லவா?) தலையில் அரை டப்பா வாசனைக் களிம்பு. பால்வெட்டு மண்டோரின் (மேற்பார்வையாளரின்) மகனான நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதால், உலகம் என்னைப் பார்க்கத்தான் விடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. உள்ளே வர, வெளியே போக ஒரே ஒரு கேட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காவல் சாவடி. அங்கே துப்பாக்கியோடு எஸ்.சி. (ஸ்பெஷல் கான்ஸ்டபிள்) என்று நாங்கள் சொல்லும் மலாய்க்காரக் காவலர்கள். போகிறவன் சோற்றுப்பொட்டலத்தைத் திறந்து காட்ட வேண்டும், வருகிறவன் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். காட்டுக்காரர்களுக்கு, அதாவது ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, அரிசி போய்விடக் கூடாதே என்ற கவலை சர்க்காருக்கு.

எங்கள் வீட்டுக் கவலை வேறு. என் அக்கா பாக்கியத்துக்கு இருபத்து நாலு முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அது அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கிற வயது. முதலில் பெண் கேட்டு வந்தவர்கள் லிங்கிச் சாலையில் பாதி வழி வந்துவிட்டு, காட்டைப் பார்த்துப் பயந்து காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் கேட்டுவரை வந்தார்கள். சோதனை என்று மாப்பிள்ளையின் தகப்பனாரைத் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். அவர் அவிழ்த்த தலைப்பாகையைக் கட்டாமலே திரும்பிப் போனார். ஆக, அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த மாப்பிள்ளை வீடு அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாவதாகக் கிடைத்தவர் பெடாஸில் பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன், குடி கிடையாது. அவருடைய அம்மாதான் பூனை குறுக்கே போனால் பஸ்ஸையே நிறுத்தச் சொல்லும் ரகம். அப்பா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "டேய் ரத்தினம், இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே யாரும் வரமாட்டாங்கடா. பாத்து நடந்துக்க" என்றார்.

நான் பார்த்து நடந்துகொண்ட லட்சணம், கல்யாண விருந்தில் மின்சாரக் கித்தார் வாசிப்பது என்று முடிவு செய்தது.

ஏன் மின்சாரம்? லயத்தில் மின்சாரமே கிடையாது. துரை பங்களாவிலும் தொழிற்சாலையிலும் மட்டும்தான் விளக்கு எரியும். அதனால்தான். எங்களிடம் இல்லாத ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதில் ஒரு கம்பீரம் இருப்பதாகப் பட்டது. இதை நான் முதலில் சொன்னது ஒஸ்மானிடம். கேட்டுக் காவலர்களில் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். லீவு நாளில் ஊருக்குப் போனால் கம்பத்துக் (மலாய்க் கிராமத்துக்) கல்யாணங்களில் கித்தார் வாசிக்கிறவர். உண்மையிலேயே வாசிப்பார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்குச் சாதாரண மரக் கித்தார் போதும், அதற்கு வயரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், மடியும் விரலும் இருந்தால் போதும் என்றார். நான் பரிதாபமாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். பாவம், படிக்காதவர் என்று நினைத்தேன். கடவுளே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிச் சிரம்பான் போனோம். சைக்கிள், சுவர்க்கடிகாரம், ரேடியோ எல்லாம் விற்கிற ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், கடை. மலிவு விலையில் மூன்று மின்சாரக் கித்தார்கள் சுவரில் தொங்கின. ஒன்று கறுப்பு. ஒன்று பழுத்த மாம்பழ நிறம். ஒன்று சிவப்பு. சிவப்பு என்றால் சாதாரணச் சிவப்பில்லை, தீயணைப்பு வண்டிச் சிவப்பு.

நான் வெறுங்கையோடு போகவில்லை. ஆபீஸ் டைப்ரைட்டரில், துரைக்கு அனுப்பும் அறிக்கை மாதிரியே கட்டம் கட்டி ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். தலைப்புகள்: நிறம், பளபளப்பு, திருகுகளின் எண்ணிக்கை, எடை, மாட்டிக்கொண்டு நின்றால் தோற்றம், சத்தம். ஒவ்வொரு கித்தாராக இறக்கச் சொல்லி, மை இருந்த பேனாவால் மார்க் போட்டேன்.

கறுப்புக்கு ஒரே ஒரு திருகு. பூட்டின கடைக் கதவு மாதிரி முகம். மாம்பழத்துக்கு இரண்டு திருகு, சுமார். சிவப்புக்கு நான்கு திருகு! முத்துச்சிப்பி மாதிரி ஒரு வெள்ளைத் தகடு. உடம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். (வாரிப் பார்த்தேன். தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.)

சத்தம் என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒரு சின்னச் சிக்கல். எனக்கு வாசிக்கத் தெரியாது. தவுக்கேவுக்கும் தெரியாது. நான் ஒவ்வொன்றிலும் விரலால் ஒரு தட்டு தட்டினேன். மூன்றும் கொசு மாதிரி முனகின. ஆகவே அந்தக் கட்டத்தில் 'மூன்றும் சமம்' என்று எழுதினேன். பெரிய கிராணியின் மகன் மருத்துவம் படித்ததைவிடக் கவனமாக நான் அந்தப் பட்டியலைப் படித்தேன் என்பது சத்தியம்.

கித்தாருக்குப் பக்கத்தில் ஒரு கனமான பெட்டி இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். இதில் வயரைச் சொருகினால்தான் சத்தமே வரும் என்றார் தவுக்கே. அந்தப் பெட்டியின் விலை கித்தாரைவிட அதிகம். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதையாக நான் சற்றுநேரம் பேசிப் பார்த்தேன். பிறகு, கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் பேட்டரி ஒலிபெருக்கியில் சொருகிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு ஞானம் பிறந்தது. பெட்டி வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த நேரமெல்லாம் ஒஸ்மான் வேறொரு பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார். கித்தாரின் அடிப்பாகத்தைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பது போலக் கழுத்து வழியாகப் பார்த்தார். சிவப்பின் கழுத்து கோணல் என்றார். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் விரலையே விட்டுக் காட்டினார். இவ்வளவு உயரத்தில் கம்பி இருந்தால் அழுத்தி அழுத்தி விரல் கிழியும் என்றார். முறுக்காணிகளைத் திருகிப் பார்த்து, இது பிடி நிற்காது என்றார். சிவப்பின் நான்கு திருகில் இரண்டைச் சுண்டிவிட்டு, இவை சும்மா ஒட்டிவைத்தவை, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். கடைசியாகக் கறுப்பைக் கையில் எடுத்துத் தடவி, "இனி பாகுஸ்" என்றார். அதாவது இதுதான் நல்லது.

என் பட்டியலில் கழுத்து என்ற தலைப்பே கிடையாது. ஆகவே நான் சிவப்பை வாங்கினேன்.

தோட்டத்துக்குள் வரும்போது கேட்டில் அதை உலுக்கிப் பார்த்தார்கள். உள்ளே அரிசி இருக்கிறதா என்ற சந்தேகம். அரிசி இருந்திருந்தாலாவது பொங்கித் தின்றிருக்கலாம்.

ஒரு மாதம் பயிற்சி. ஒஸ்மானின் காவல் முடிந்ததும் சாவடிக்குப் பின்னால் உட்காருவோம். அவர் சொல்வது எனக்கு எட்டவில்லை, என் விரல் கம்பிக்கு எட்டவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை கடைத்தெரு மலாயான பசார் மலாய்தான். மலாயில் கயிறு என்றாலும், கித்தார்க் கம்பி என்றாலும் 'தாலி'. நம் பெண்கள் கழுத்தில் கிடக்கிறதே, ஏறக்குறைய அதே உச்சரிப்பு. தாலியை அழுத்து, தாலியை முறுக்கு, மூன்றாவது தாலி சுருதி விலகிவிட்டது, இரண்டாவது தாலியை விடாதே என்று ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் தமிழில் நினைக்கும்போதும் எனக்குத் 'தாலி' என்றே வர ஆரம்பித்துவிட்டது. அதில் ஆபத்து இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "வாசிச்சுத் தொலை. ஆனா எனக்குத் தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தச் சனியன்கிட்டருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்றாள்.

கல்யாண நாள் விடிந்தது. பத்தரைக்கு மேல் முகூர்த்தம். நான் பசியாறக்கூட இல்லை, கித்தாரை எடுத்துச் சுருதி சேர்த்தேன். சத்தம் குறைவாக இருந்தது. சத்தம் குறைந்தால் என்ன செய்ய வேண்டும்? முறுக்க வேண்டும். முறுக்கினேன். இன்னும் முறுக்கினேன். முதல் கம்பி 'டங்' என்று அறுந்து என் கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

என் கூட்டாளி மாசிலாமணியை முதல் பஸ்ஸில் சிரம்பானுக்கு விரட்டினேன். தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், நல்லவன், எதையும் ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் செய்வான். ஆறு கம்பியும் ஆறு தடிமன் என்பதும், எது அறுந்தது என்று நான் அவனிடம் சொல்லவில்லை என்பதும், பஸ் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் மூடியிருப்பதால் டெலிபோன் கேட்டிலுள்ள சாவடிக்கு வரும், தேவைப்பட்டால் கடையிலிருந்து கூப்பிடுவான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கூப்பிடத்தான் செய்தான். நேரம் பார்த்துக் கூப்பிட்டான்.

ஒன்பது மணி. பெண்ணின் தம்பி என்ற முறையில் மாலையோடு நான் கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறேன். மாப்பிள்ளை வீட்டு லாரி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது. லாரியில் மேளமும் நாதஸ்வரமும் முழங்குகின்றன. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். காவலர்கள் கார்டுகளைப் பார்த்து முடித்து, கேட்டைத் திறக்கப் போகிற சமயம். சாவடியில் டெலிபோன் மணி அடித்தது.

ஜன்னலில் ஒஸ்மானின் தலை தெரிந்தது. மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"கிராணி! தாலி மானா புத்துஸ்?"

எந்தக் கம்பி அறுந்தது என்று கேட்கிறார். நான் மாலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகப் பதில் கத்தினேன்.

"தாலி நொம்போர் சத்து, அபாங்!"

அதாவது, ஒன்றாம் நம்பர் கம்பி. அவர் உள்ளே திரும்பி டெலிபோனில் சொன்னார். லைன் சரியில்லை போலிருக்கிறது. மூன்று தரம் அலறினார். "தாலி நொம்போர் சத்து! நொம்போர் சத்து சூடா புத்துஸ்! புத்துஸ்!"

மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்ததை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மலாய் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெடாஸ் சந்தையில் மீன்காரனைப் பேரம் பேசி அழவைக்கிற அளவுக்குத் தெரியும். ஆனால் கல்யாண நாள் காலையில், வாசலில், அந்தச் சொல் எந்தத் தமிழச்சியின் காதிலும் தமிழாகத்தான் விழும். முதல் வார்த்தையைத் தமிழிலும் மிச்சத்தை மலாயிலும் கேட்டுக்கொண்டார். ஒன்றாம் நம்பர் தாலி அறுந்துபோய்விட்டது.

அவர் லாரியை விட்டு இறங்கி வந்தார். "என்னப்பா சொல்றான் அந்த மாத்தா மாத்தா?" போலீஸைத்தான் அப்படிச் சொல்வோம்.

"ஒண்ணுமில்லைங்க அத்தை. தாலி அறுந்துபோச்சு. அதான் எதுன்னு கேக்குறாரு."

"எதுன்னா?"

"முதல் தாலிதான், அத்தை."

"முதல் தாலியா?"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பயப்படுகிறார், தைரியம் சொல்வோம் என்று நினைத்தேன். நினைத்தேனே!

"கவலைப்படாதீங்க அத்தை. மொத்தம் ஆறு. மிச்ச அஞ்சும் கெட்டியா இருக்கு. ஒண்ணுக்குத்தான் சிரம்பானுக்கு ஆள் அனுப்பியிருக்கோம், மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

லாரியின் பின்பக்கத்திலிருந்து "ஆறா!" என்று ஓர் அலறல் கேட்டது. அலறியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்கு ரெம்பாவில் ஒன்று, தம்பினில் ஒன்று என்று இரண்டு பெண்டாட்டி. அவருக்குத்தான் முதலில் நெஞ்சு பதறியது.

"எப்ப அறுந்துச்சு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னிக்குக் காலையிலதான். நான்தான் கொஞ்சம் ஓவரா முறுக்கிட்டேன்."

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "இத்தனை கல்யாணம் முடிஞ்ச பொண்ணையா எம் மகன் தலையில கட்டப் பாத்தீங்க? டிரைவரு! வண்டியத் திருப்பு!"

டிரைவர் என்ஜினைக் கிளப்பினான். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. இரண்டு மாப்பிள்ளை வீடு திரும்பிப் போன அதே கேட்டு. அப்பா லயத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். நான் சரியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பி. மூன்றெழுத்து. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. எவ்வளவு துழாவியும் என் வாய்க்கு அது வரவில்லை.

"அத்தை, அத்தை! நில்லுங்க! நீங்க நினைக்கிற தாலி இல்ல அத்தை, இது... இது கரண்டுத் தாலி!"

"கரண்டுத் தாலியா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியப்பா கீழே இறங்கிச் சண்டைக்குத் துண்டை இடுப்பில் கட்டினார். வந்து சேர்ந்த அப்பாவுக்குக் காதில் விழுந்ததெல்லாம், தன் மகளுக்கு ஆறு தாலி ஆனதாகத் தன் மகனே ஒப்புக்கொண்டான் என்பதுதான். என்னை ஒரு பார்வை பார்த்தார். அறைந்திருந்தால் வலி அன்றைக்கே போயிருக்கும். அவர் அறையவில்லை.

அதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அழுகைச் சத்தம் கேட்டது, அது அம்மா. ஆனால் பந்தலிலிருந்து வெளியே வந்தது அக்கா. கூறைப் புடவையில், தலை நிறையப் பூவோடு, கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வருவது போல என் சிவப்புக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு, செம்மண் சாலையில் தனியாக நடந்து வந்தாள். மணப்பெண் தானாக வாசலுக்கு வருவதை அந்தத் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேட்டுக்கு வந்து, அறுந்து தொங்கிய கம்பியை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள்.

"அத்தை, இந்தாங்க. இதுக்குத்தான் ஆறு. மலாய்க்காரங்க இந்தக் கம்பியத் தாலின்னுதான் சொல்லுவாங்க, உங்களுக்கே தெரியும். இவன் மடையன், அதையே தமிழ்ல சொல்லிட்டான். எனக்கு இன்னும் ஒண்ணுகூட ஆகல. கட்டுறதா இருந்தா உள்ள வரச் சொல்லுங்க, வெயில் ஏறுது."

சாவடி ஜன்னலில் ஒஸ்மான், கையில் டெலிபோனோடு, "பெத்துல், பெத்துல்" என்று தலையாட்டினார். ஆமாம், உண்மைதான் என்று சாட்சி. மாப்பிள்ளையின் அம்மா கம்பியைத் தொட்டுப் பார்த்தார். மூச்சு விட்டார். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை.

"அது சரிம்மா. உம்மேல குத்தமில்ல. ஆனா வாசல்ல வந்து நிக்கறப்ப அந்தப் பேச்சு காதுல விழுந்துருச்சே. அதுக்கு என்ன செய்யறது?"

அக்கா கித்தாரைத் தாழ்த்தினாள். அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது மாப்பிள்ளை லாரியிலிருந்து இறங்கி வந்தார். அதுவரை வாயே திறக்காதவர். கித்தாரைப் பார்த்தார், தொங்கிய கம்பியைப் பார்த்தார். பஸ்ஸில் டயர் வெடித்தால் முதலில் என்ன கேட்பாரோ, அதையே அதே குரலில் என்னிடம் கேட்டார்.

"ஸ்பேர் இருக்கா, மச்சான்?"

"வந்துக்கிட்டிருக்கு, மாமா" என்றேன்.

"அப்புறம் என்னம்மா? ஸ்பேர் இருக்குல்ல. போலாம் ரைட்" என்றார் அம்மாவிடம்.

அக்கா சிரித்துவிட்டாள். மாலை போடுவதற்கு முன்பே, எல்லோர் முன்னாலும், வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஆனால் சகுனம் சகுனம்தானே. மாப்பிள்ளையின் அம்மா யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னார். "ஒண்ணு அறுந்தாச்சு. மிச்சம் அஞ்சு இருந்தா அதுவும் எப்பவாச்சும் அறும். அறுக்கிறதுக்கு இனிமே ஒண்ணுமே இருக்கக்கூடாது." இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துப் பாக்குவெட்டியை எடுத்தார்.

"அத்தை, புதுசு அத்தை" என்றேன்.

"பிடிடா நல்லா!" என்றார் அப்பா. அவர் என்னிடம் அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தை அது.

நான்தான் பிடித்துக்கொண்டேன். டங். டங். டங். ஒரு மாதம் என் விரலைக் கிழித்த கம்பிகள் ஐந்தும் ஒரு கிழவியின் பாக்குவெட்டியில் அறுந்தன. தடித்த கடைசிக் கம்பிக்குப் பெரியப்பா கைகொடுத்தார். (துண்டை இடுப்பில் கட்டியது வீண்போகவில்லை.) அந்தக் கித்தார் தன் வாழ்நாளில் உருப்படியாக எழுப்பிய ஐந்து சத்தம் அவைதான், ஐந்தும் சுருதியில் இல்லை. சாவடியில் டெலிபோன் இன்னும் வைக்கப்படவில்லை. ஒஸ்மான் அதில் மாசிலாமணியிடம் சோகமாகச் சொல்வது கேட்டது: "மணி... செமுவா புத்துஸ்." எல்லாம் அறுந்துபோச்சு.

கேட்டு திறந்தது. மேளம் மறுபடி முழங்கியது. முகூர்த்தம் தப்பாமல் தாலி ஏறியது. வாடகை ஒலிபெருக்கியில் ரெக்கார்டு போட்டார்கள். என் கித்தார் இல்லாததை ஒருவராவது கவனிப்பார் என்று சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை காத்திருந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. இது எனக்கு இன்றைக்கும் பிடிக்காத உண்மை.

பாயசம் பரிமாறும்போது மாசிலாமணி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். கையில் ஒரு சின்னக் காகித உறை, அதற்குள் சுருட்டிய ஒரே ஒரு கம்பி. "ஆறும் போச்சுன்னு போன்ல சொன்னாங்க. எங்கிட்ட இருந்த காசு ஒண்ணுக்குத்தான் லா பத்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் சுற்றிவிடும்போது, அது எனக்கு எதிரே வந்ததும் யாராவது கேட்பார்கள்: "ஸ்பேர் இருக்கா?" முதலில் கேட்கிறவர் எப்போதும் அந்தப் பஸ் கண்டக்டர் மாமாதான். என் கல்யாணத்தில் நான் தாலி கட்டக் குனிந்தபோது பின்னால் நின்று, "மெதுவா மச்சான், ஓவரா முறுக்காதே" என்றார். என் மனைவி குனிந்த தலையோடு சிரித்தாள். கதை அதற்குள் அவள் வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. கம்பியில்லாத கித்தார் இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சிவப்பு மட்டும் மங்கவில்லை. பளபளப்புக்கு நான் போட்ட மார்க்கு சரிதான்.

பேரனுக்கு நான் சொன்ன புத்தி இதுதான்: நிறத்தைப் பார்க்காதே, திருகை எண்ணாதே. ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார். கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார். சத்தம் வர இன்னொரு பெட்டி வேண்டும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடு. வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று ஏதாவது சொன்னால், தயவுசெய்து அதைக் கேள். அவன் தலையாட்டிவிட்டுத் திரையில் சிவப்பாக இருந்ததைத்தான் மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் ரத்தம்.

அந்தக் கண்டக்டர் மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சிரம்பான் ஆஸ்பத்திரியில், இரண்டே நாள். காரியத்தன்று முறைப்படி அக்காவைப் பலகையில் உட்கார வைத்தார்கள். எழுபத்தெட்டு வயதில் அவள் கழுத்திலிருந்து அதைக் கழற்றினார்கள். பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள். நான் கதவோரம் நின்றேன். அக்கா வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"ஸ்பேர் இருக்காடா, ரத்தினம்?"

அழுதுகொண்டிருந்தவர்கள் திகைத்துப்போய் நிறுத்தினார்கள். அவள் அவரை மாதிரியே, அதே பஸ் கண்டக்டர் குரலில் கேட்டாள்.

"இருக்குக்கா" என்றேன். "மாசிலாமணி வாங்கிட்டு வந்தது. உறையைப் பிரிக்கவே இல்ல."